சிரம்பான்–போர்ட்டிக்சன் பாதையில் கைவிடப்பட்ட நம் ஊர் நிலையம்: விளக்கப் பலகையில் எதை எழுதுவது?

ரந்தாவ்வாசி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நம் ஊர் இரயில் நிலையம் இருந்த இடத்தில் விளக்கப் பலகை ஒன்று வைப்பதென முடிவாகி, அதற்கான வாசகத்தின் முதல் வரைவு சில நாள்களாகப் புலனத்தில் (வாட்ஸ்அப்) சுற்றிக்கொண்டிருக்கிறது. புதர் மண்டிக் கிடந்த இடத்தை இளைஞர்கள் வெட்டித் துப்புரவு செய்து, நடைமேடையின் விளிம்புக் கற்கள் மீண்டும் கண்ணில் படும்படி செய்திருக்கிறார்கள். அதற்கு ஊரே கடன்பட்டிருக்கிறது. ஆனால் பலகையில் ஏறிவிட்ட எழுத்து நம் பிள்ளைகளுக்குப் பாடமாகிவிடும் என்பதால், வரைவின் முதல் வாக்கியத்தை மட்டும் இங்கே விரிவாகப் பேச விரும்புகிறேன். "1885-ஆம் ஆண்டில் ரப்பர்த் தோட்டங்களின் வசதிக்காக அமைக்கப்பட்ட, மலாயாவின் முதல் இரயில் பாதை இதுவாகும்" என்று அது தொடங்குகிறது.

மலாயாவின் முதல் பாதை தைப்பிங்கையும் போர்ட் வெல்ட் துறையையும் இணைத்து, 1885 ஜூன் 1 அன்று திறக்கப்பட்டது. ஈயத்தை மலையடிவாரத்திலிருந்து கடற்கரைக்குக் கொண்டுபோக எழுந்த அந்தப் பாதை 13 கிலோமீட்டருக்கும் சற்றுக் குறைவானது. அடுத்த ஆண்டு, 1886-இல், கோலாலம்பூரிலிருந்து கிள்ளான் ஆற்றங்கரையிலுள்ள புக்கிட் கூடா வரை இரண்டாவது பாதை வந்தது. நம்முடையது மூன்றாவது, சிரம்பானைச் சுற்றியிருந்த சுங்கை ஊஜோங் சிற்றரசின் பெயரால் சுங்கை ஊஜோங் இரயில்வே என்று, 1891-இல், சிரம்பானுக்கும் போர்ட்டிக்சனுக்கும் இடையே ஏறத்தாழ 39 கிலோமீட்டர் தொலைவுக்குத் திறக்கப்பட்டது. முன்னவை இரண்டும் அரசாங்கம் போட்டவை. நம்முடையதை அமைத்து ஓட்டியது ஒரு தனியார் நிறுமம். 1908-இல்தான் கூட்டு மலாய் மாநிலங்களின் இரயில்வே அதை வாங்கிக்கொண்டது. மூன்றாவது என்று எழுதுவதால் நம் பாதையின் பெருமையில் ஒரு மாற்றுக் குறையாது.

இதைவிட முக்கியமானது ரப்பர் பற்றிய பகுதி. 1891-இல் இந்த வட்டாரத்தில் பால் வெட்டும் தோட்டமே கிடையாது. மலாயாவில் வணிக நோக்கோடு ரப்பர் நடப்பட்டது 1890-களின் நடுப்பகுதிக்குப் பிறகுதான். மலாக்காவில் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டது 1896-இல். நட்ட மரம் வெட்டுக்கு வர ஆறேழு ஆண்டுகளாவது ஆகும். ஆகவே, இல்லாத ரப்பருக்காக இரயில் வந்திருக்க முடியாது. சிரம்பான், ராசா, ரஹாங் பகுதிகளில் தோண்டிய ஈயத்துக்காகவே வந்தது. அதற்கு முன் அந்த ஈயம் லிங்கி ஆற்று வழியாகப் படகில் போயிற்று. ஆற்றின் ஒவ்வொரு வளைவிலும் ஒரு தலைவர் சுங்கம் கேட்க, அதை ஒட்டிச் சண்டைகள் மூண்டன என்பதும், 1874-இல் சுங்கை ஊஜோங் பிரிட்டிஷ் பாதுகாப்பின் கீழ் வந்ததற்கு அந்தப் பூசல்களும் ஒரு காரணம் என்பதும் பள்ளி வரலாற்றில் படித்தவைதாம். ஆற்றையும் அதன் சுங்கத்தையும் ஒரேயடியாகத் தவிர்த்துக் கடலை அடையும் நேர்வழியாகத்தான் இந்தத் தண்டவாளம் போடப்பட்டது.

அப்படியானால் தோட்டங்கள்? அவை இரயிலைத் தேடி வந்தன. முதலில் காப்பி, லைபீரியக் காப்பி இந்த மாவட்டத்தில் நிறையப் பயிரானது. 1890-களின் பிற்பகுதியில் பிரேசில் காப்பி உலகச் சந்தையை நிரப்பி விலையைச் சாய்த்ததும், துரைமார்கள் காப்பிச் செடிகளுக்கு இடையிலேயே ரப்பர்க் கன்றுகளை நட்டார்கள். 1910-இல் ரப்பர் விலை உச்சம் தொட்டபோது, ஓடிக்கொண்டிருந்த இரயிலுக்கு அருகில் நிலம் வைத்திருந்தவர்களுக்கு யோகம் அடித்தது. சிலியாவ், ரந்தாவ், லுக்குட் பக்கத்தில் தோட்டம் நெருக்கமாக அமைந்ததற்குப் பாதை முன்பே இருந்ததும் ஒரு பெரிய காரணம் என்பது என் உறுதியான கருத்து. பலகை இந்த வரிசையைத் தலைகீழாகச் சொல்லக் கூடாது.

லயத்துப்பிள்ளை எழுதியது:

ஐயா, ஆண்டுக் கணக்கில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இந்தப் பலகையைப் படிக்கப்போகிறவர்கள் யார்? தோட்டத்தில் பிறந்து, இன்று சிரம்பானிலும் செனாவாங்கிலும் வீடு வாங்கிக் குடியேறி, ஆடித் திருவிழாவுக்கு மட்டும் ஊர் திரும்புகிறவர்களும் அவர்களுடைய பிள்ளைகளும். அவர்களுக்கு இந்த நிலையம் என்றால் ஈயம் அன்று. பாட்டனார் பெட்டியும் பாயுமாக, ஆள் திரட்டி வந்த கங்காணியின் பின்னால் இறங்கிய இடம். திருமணம் முடிந்த அக்காள் தங்கைகளை வழியனுப்பிய இடம். தீபாவளிக்கு முதல் வாரம் பட்டணத்துக்குத் துணி எடுக்கப் போன இடம். முதல் வரியிலேயே ஈயச் சுரங்க முதலாளிகளையும் லிங்கி ஆற்றுச் சுங்கத்தையும் எழுதினால், "இது நம்முடையது அல்ல போலிருக்கிறது" என்று பிள்ளைகள் நகர்ந்துவிடுவார்கள். நம் ஆள்களின் வியர்வை அந்தக் கதையில் எங்கே வருகிறது?

ரந்தாவ்வாசி எழுதியது:

தம்பி, நீங்கள் கேட்பது நியாயமான கேள்வி. பாதை ஈயத்துக்காக வந்தது என்று எழுதினால் நம் மக்கள் விடுபட்டுப் போவார்கள் என்ற அச்சம் வேண்டாம். மலாயா இரயில்வேயின் தொடக்கத்திலிருந்தே தமிழர் அதில் இருக்கிறார்கள். யாழ்ப்பாணத்திலிருந்து வந்தவர்கள் நிலைய அதிபர்களாகவும் எழுத்தர்களாகவும் அமர்ந்தார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்தவர்கள் மண் வெட்டினார்கள், சல்லி சுமந்தார்கள், தண்டவாளம் தூக்கினார்கள். அந்த இரு பிரிவினரும் ஒரே மொழி பேசினாலும் ஒரே வரிசை வீட்டில் குடியிருக்கவில்லை, ஒரே பந்தியில் உட்காரவில்லை என்பதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

தோட்டத்துக்கு ஆள் வந்த முறையும் இரயிலோடு பிணைந்ததுதான். ஒப்பந்தக் கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதற்கு முன்பே, 1907-இல், தமிழர் குடியேற்ற நிதி தொடங்கப்பட்டிருந்தது. தோட்டங்கள் தலைக்கு இவ்வளவு என்று அதில் பணம் கட்டும். அந்தப் பணத்தில்தான் நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் கப்பலேறியவர்களின் பயணச் செலவு ஈடு செய்யப்பட்டது. கங்காணி தன் ஊருக்கே போய், உறவையும் பங்காளியையும் திரட்டி வருவார். கப்பலை விட்டு இறங்கியதும் தொற்று நோய் முகாமில் அடைத்து வைப்பார்கள். அதன் பிறகு இரயில். கடைசியாக, நம் ஊரைப் போன்ற ஒரு சிறு நிலையத்திலிருந்து தோட்டத்துக்கு மாட்டு வண்டியோ நடையோ. 1938-இல் இந்திய அரசாங்கம் உதவி பெற்றுக் குடியேறுவதைத் தடை செய்யும் வரை இது ஓயவில்லை. இடையில், 1930-களின் தொடக்கத்தில் ரப்பர் விலை மண்ணைக் கவ்வியபோது, வேலை இல்லையென்று பல்லாயிரவர் வந்த வழியே திருப்பி அனுப்பப்பட்டார்கள். அதே நடைமேடையில் மூட்டையோடு நின்று எதிர்த்திசையில் வண்டி ஏறியவர்களையும் பலகை நினைக்க வேண்டும் என்பேன்.

ஆகவே "ஈயத்துக்காகப் போட்ட பாதையில் ரப்பர் வந்தது, ரப்பரோடு நம் மக்கள் வந்தார்கள்" என்ற வரிசை நம்மை வெளியே தள்ளாது. நாம் எப்போது, எதன் பொருட்டு உள்ளே வந்தோம் என்பதை அது சரியாகச் சொல்கிறது.

பழைய கைகாட்டி எழுதியது:

நான் இரயில்வேயில் பணி செய்து ஓய்வு பெற்றவன். பெரும்பாலும் முதன்மைப் பாதையின் சிறு நிலையங்களில் இருந்தேன். வரைவு வாசகத்தில் நிலையம் எப்படி இயங்கிற்று என்பது பற்றி ஒரு சொல்லும் இல்லாதது எனக்கு வருத்தமாக இருக்கிறது. கட்டடத்தை மட்டும் பார்ப்பவர்கள் அதைப் பயணச்சீட்டு விற்ற கூடமாக நினைத்துவிடுவார்கள். ஒற்றைத் தண்டவாளத்தில் சிறு நிலையத்தின் முதல் வேலை, எதிரெதிரே வரும் வண்டிகள் மோதாமல் காப்பது.

அது எப்படி என்று சொல்கிறேன். இரண்டு நிலையங்களுக்கு நடுவே உள்ள பாதைத் துண்டுக்கென்று டோக்கன் உண்டு. இரு நிலையங்களிலும் உள்ள டோக்கன் பெட்டிகள் கம்பியால் இணைக்கப்பட்டிருக்கும். அந்தப் பக்கத்து நிலைய அதிபர் மணியடித்துச் சம்மதம் கொடுத்து மின்னோட்டம் அனுப்பினால்தான் இந்தப் பக்கத்துப் பெட்டியிலிருந்து ஒரு டோக்கன் வெளியே வரும். ஒன்று வெளியே வந்துவிட்டால், அதை ஏதாவது ஒரு முனையில் திரும்பப் போடும் வரை இரண்டு பெட்டிகளும் பூட்டிக்கொள்ளும். எவ்வளவு இழுத்தாலும் இன்னொன்று வராது. அந்த டோக்கனைத் தோல் பையில் இட்டு, பையைப் பிரப்பம் வளையத்தில் கோத்து, ஓட்டுநரிடம் கொடுப்போம். அது கைக்கு வராமல் அவர் அடுத்த பகுதிக்குள் சக்கரத்தை உருட்ட மாட்டார். நிற்காத வண்டி என்றால், நிலைய ஆள் நடைமேடை ஓரத்தில் வளையத்தைத் தூக்கிப் பிடித்து நிற்க, ஓடும் எஞ்சினிலிருந்து ஒரு கை வெளியே நீண்டு முழங்கை வரை அதை மாட்டிக்கொள்ளும். பழைய வளையம் அதே நொடியில் மறுபக்கம் வீசப்படும். வளையத்தைச் சற்று அழுத்தமாகப் பிடித்துவிட்டால் தோள் கழன்றுவிடும். விரல் நுனியில் நிறுத்துவது போலத்தான் பிடிக்க வேண்டும். இதைப் பழகாமல் யாரையும் இரவுப் பணியில் தனியே விட மாட்டார்கள்.

பிறகு கேங்குக் கூலிகள். ஒரு மண்டோரின் (மேற்பார்வையாளரின்) கீழ் ஒரு கூட்டத்துக்குச் சில மைல் பாதை பொறுப்பு. காலையில் ஒருவர் கையில் சுத்தியலும் திருகுச் சாவியும் எடுத்துக்கொண்டு, தண்டவாளத்தைப் பிடித்திருக்கும் ஆப்புகளைத் தட்டித் தட்டிப் பார்த்துக்கொண்டே நடப்பார். தட்டும்போது எழும் ஓசையை வைத்தே தளர்ந்த ஆப்பைக் கண்டுபிடித்துவிடுவார்கள். தண்டவாளத்துக்கு அடியில் கிடக்கும் சிலிப்பர் கட்டைகள் சென்கால் மரமாக இருந்தால் கவலையில்லை, கறையானும் மழையும் அவ்வளவு எளிதில் தின்னாது. மற்ற மரமென்றால் எண்ணெய் ஊட்டித்தான் போட வேண்டும். மழைக்காலத்தில் ஈர மண்ணில் சல்லி அமுங்கிப் பாதை ஒரு பக்கம் சாயும். நெம்பிச் சல்லியைத் திணித்து நிமிர்த்துவார்கள். மூச்சைப் பிடித்து ஒன்றாக நெம்புவதற்கு ஒருவர் அடியெடுத்துக் கொடுக்க மற்றவர்கள் பின்பாட்டுப் பாடுவார்கள்.

இவ்வளவு பொறுப்பைச் சுமந்த அந்த ஆள்கள் நெடுங்காலம் நாள் கூலிகளாகவே வைக்கப்பட்டிருந்தார்கள். அவர்களை மாதச் சம்பளக்காரர்களாக்க வேண்டும் என்ற கோரிக்கையில்தான் 1962 டிசம்பரில் தொடங்கி 1963 ஜனவரி வரை இரயில்வே வேலைநிறுத்தம் நடந்தது. நாடு முழுவதும் வண்டிகள் நின்றன. துரைமார்களின் பெயர்களுக்கு இடம் ஒதுக்கும் பலகையில், அந்தக் கேங்குக் கூலிகளுக்கும் ஒரு வரியாவது ஒதுக்குங்கள்.

கிராணிமகள் எழுதியது:

ஐயா சொன்ன டோக்கன் விவரம் எங்கள் வீட்டில் கேட்டதோடு ஒத்துப்போகிறது. நான் சரக்குப் பக்கத்தைச் சொல்கிறேன். என் தகப்பனார் தோட்டத்து அலுவலகத்தில் கிராணியாக, அதாவது எழுத்தராக, இருந்தவர். ரப்பர்க் கட்டுகள் இரயிலுக்குப் போகும் நாள்களில் அவருக்குச் சாப்பாடு கூட அலுவலகத்துக்குத்தான் போகும்.

பாலில் அமிலம் விட்டு உறையவைத்து, உருளையில் இழுத்துச் சீட்டாக்கி, புகைக்கூடத்தில் நாள்கணக்கில் தொங்கவிட்டுக் காயவைப்பார்கள். தேன் நிறத்துக்கு வந்ததும் வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்த்து, குமிழோ பூசணமோ உள்ள சீட்டைத் தனியே ஒதுக்குவார்கள். தரம் பிரித்த சீட்டுகளை அடுக்கி அழுத்தி, ஒன்றோடொன்று ஒட்டாமலிருக்க வெளிப்புறம் முழுவதும் வெள்ளைப் பொடிக் கரைசல் பூசி, தோட்டத்துக் குறியீட்டை மையால் பதித்தால் ஒரு கட்டு தயார். ஒரு கட்டு 250 பவுண்டு, அதாவது 113 கிலோ. அப்படிப்பட்ட கட்டை இரண்டு பேர் உருட்டிக்கொண்டுபோய்ப் பலகைமேல் ஏற்றிப் பெட்டிக்குள் தள்ளுவார்கள். கட்டு எண்ணிக்கை, குறியீடு, எடை மூன்றும் சரக்குச் சீட்டில் ஒத்துவராவிட்டால் நிலையத்தில் வாங்க மாட்டார்கள். அந்தக் கணக்குதான் கிராணியின் தலைவலி.

இதை எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. சீட்டு ரப்பர் காத்திருக்கக்கூடிய சரக்கு. வண்டி இன்று வராவிட்டால் நாளை போகலாம். கூரை ஒழுகாமல் இருந்தால் போதும். சிறு நிலையத்துக்கும் சீட்டு ரப்பருக்கும் அதனால்தான் நன்றாகப் பொருந்திப்போயிற்று. பிறகு காலம் மாறியது. பாலைத் திரவமாகவே தொட்டி லோரியில் ஏற்றத் தொடங்கினார்கள். 1965-இல் மலேசியத் தர ரப்பர் என்ற கட்டி ரப்பர் முறை வந்தது, அது 33.3 கிலோ பாளங்களாக, பெரிய ஆலைகளில் மட்டும் உருவாவது. ஒவ்வொரு தோட்டத்துப் புகைக்கூடத்துக்கும் வேலை குறைந்தது. கடைசியாகச் செம்பனை. குலையை வெட்டி இறக்கிய ஒரு நாளுக்குள் ஆலையில் வேகவைக்காவிட்டால் எண்ணெயில் அமிலம் ஏறித் தரம் கெட்டுவிடும். ஒரு நாளைக்கு ஓரிரு முறை வரும் சரக்கு வண்டிக்காகக் குலையை நடைமேடையில் குவித்து வைக்க முடியுமா? லோரி தோட்டத்துக்குள்ளேயே வந்து அள்ளிக்கொண்டு போனது. நம் நிலையத்தின் சரக்குக் கொட்டகை வெறுமையானதற்கு, ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை நட்டதே முதற்காரணம் என்று நான் கருதுகிறேன்.

சாலையோரம் எழுதியது:

அக்கா, பேருந்து வந்ததால் நிலையம் மூடிற்று என்றுதான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் எல்லாரும் சொல்கிறார்கள். பேருந்து தோட்டத்து வரிசை வீடுகளான லயத்தின் முனையிலேயே நிற்கும். நிலையத்துக்கு வெயிலில் நடக்க வேண்டியதில்லை. பலகைக்கு அந்த ஒரு காரணமே போதும் அல்லவா?

ரந்தாவ்வாசி எழுதியது:

போதாது, தம்பி. பயணிகள் குறைந்ததற்குப் பேருந்து காரணம் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பயணிகளை மட்டும் நம்பி இந்தப் பாதை ஒரு காலத்திலும் இருந்ததில்லை. சரக்குதான் அதன் உயிர்.

பாதை தளரத் தொடங்கியது பேருந்துக்கு வெகுகாலம் முன்பே. சிரம்பான் ஈயத்துக்குக் கடல்வாசல் போர்ட்டிக்சன் ஒன்றே என்றிருந்த நிலைமை பன்னிரண்டு ஆண்டுகள்தான் நீடித்தது. 1901-இல் போர்ட் சுவெட்டன்ஹாம் திறக்கப்பட்டது. இன்றைய கிள்ளான் துறைமுகம் அதுதான். 1903-இல் வடக்கே, பினாங்குக்கு எதிர்க்கரையிலுள்ள பிறை என்ற ஊரிலிருந்து சிரம்பான் வரை முதன்மைப் பாதை தொடர்ச்சியாக இணைந்தது. அன்றிலிருந்து சிரம்பான் சரக்கு, பெரிய கப்பல் அணையும் துறைமுகத்துக்கே நேராக இரயிலில் போகலாம் என்றாகிவிட்டது. முன்பு ஒரு மாநிலத்தின் நுழைவாயிலாக இருந்த பாதை, முதன்மைப் பாதையின் கிளையாகச் சுருங்கிற்று. 1908-இல் அரசாங்கத்திடம் கைமாறியதையும் இந்தப் பின்னணியில்தான் பார்க்க வேண்டும். அதன் பிறகு அதைத் தாங்கிப் பிடித்தது ரப்பர். அந்த ரப்பருக்கு என்ன ஆனது என்பதை அக்கா தெளிவாகவே எழுதிவிட்டார்.

1950-களிலும் 60-களிலும் வெள்ளைக்காரக் குழுமங்கள் தோட்டங்களைத் துண்டு போட்டு விற்றதையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். பெரிய தோட்டம் சிறு துண்டுகளானால், ஒரே இடத்தில் ஒரே குறியீட்டோடு பெட்டி நிறைய ரப்பர் சேராது. வேலை போனவர்கள் லயத்தையும் காலி செய்ய வேண்டியிருந்தது. அந்தத் துண்டாடலைத் தடுக்கத்தான் அன்றைய அமைச்சர் துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கி, தொழிலாளர்களின் சிறு சேமிப்பைக் கொண்டே தோட்டம் வாங்க வைத்தார்.

அப்படியிருந்தும் தண்டவாளம் மட்டும் பிழைத்துக் கிடந்ததற்குப் போர்ட்டிக்சனில் 1960-களின் தொடக்கத்தில் எழுந்த எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலைகள் காரணம். பயணி வண்டி நின்ற பிறகும் எண்ணெய்த் தொட்டி வண்டிகள் நம் நிலையத்தை நிற்காமல் கடந்து போய்க்கொண்டிருந்தன. அதுவும் 2008-இல் முடிந்தது. நிலையம் இறந்ததும் பாதை இறந்ததும் இரண்டு வெவ்வேறு நிகழ்வுகள் என்பதைப் பலகை பிரித்துச் சொல்ல வேண்டும்.

லுக்குட் டீச்சர் எழுதியது:

எல்லாரும் நன்றாக எழுதியிருக்கிறீர்கள். ஒரு பெரிய விடுபாடு இருக்கிறது: சயாம் மரண இரயில்.

இரண்டாம் உலகப் போரின்போது ஜப்பானியர் சயாமையும் (இன்றைய தாய்லாந்து) பர்மாவையும் இணைத்து 415 கிலோமீட்டர் பாதையை 1943 அக்டோபரில் முடித்தார்கள். மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் ஆயிரமாயிரமாக அங்கே மாண்டார்கள். சில மாத வேலை, நல்ல கூலி என்று ஆசை காட்டிச் சிலரை அழைத்தார்கள். பிறகு லயத்தைச் சூழ்ந்துகொண்டு பிடித்துப் போனார்கள். மூடிய சரக்குப் பெட்டிகளில் அடைத்து, சயாமில் பான் போங் வரை இரயிலில் கொண்டுபோய், அங்கிருந்து காட்டுக்குள் நடத்தினார்கள். வாந்திபேதியிலும் மலேரியாவிலும் சீழ்ப்புண்ணிலும் செத்தவர்களுக்கு முறையான புதைகுழிகூட இல்லை. காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைத் தோட்டம் வரிசை வரிசையாக இருக்கிறது. நம்மவர்களுக்கு அப்படிப் பெயர் பொறித்த கல்லறைகள் இல்லை. நம் ஊர் நிலையத்திலிருந்தும் ஆள்களை ஏற்றினார்கள் என்று தோட்டத்து மூதாட்டிகள் சிலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பலகையின் முதல் வரியாக வர வேண்டும் என்பது என் வேண்டுகோள்.

பழைய கைகாட்டி எழுதியது:

டீச்சர், அந்தச் செய்தி பலகையில் கட்டாயம் இருக்க வேண்டும். இரயில்வே பக்கத்திலிருந்து இன்னொன்றையும் சேர்க்கிறேன். அந்தப் பாதைக்குத் தண்டவாளமே நம் நாட்டிலிருந்துதான் பிடுங்கிக்கொண்டு போகப்பட்டது. 1905-இல் திறந்த தம்பின்–மலாக்கா கிளை அப்போது மறைந்தது. இன்றுவரை மலாக்கா நகருக்கு இரயில் இல்லை. 1931-இல் முடிந்த கிழக்குக் கரைப் பாதையிலும் நீண்ட பகுதியைக் கழற்றினார்கள். நம் கிளை தப்பியது. மனிதர்களையும் இரும்பையும் ஒரே நேரத்தில் ஒரே திசையில் கொண்டுபோனார்கள் என்பதை நினைத்தால் இன்றும் நெஞ்சு பதறுகிறது.

ரந்தாவ்வாசி எழுதியது:

டீச்சர், உங்கள் கோரிக்கையை முழு மனதோடு ஆதரிக்கிறேன். ஒரு சொல்லில் மட்டும் கவனம் தேவை. நெகிரி செம்பிலான் தோட்டங்களிலிருந்து ஆள்கள் சயாமுக்குக் கொண்டுபோகப்பட்டது உண்மை. அவர்கள் இந்த நடைமேடையில்தான் ஏற்றப்பட்டார்களா, லோரியில் சிரம்பானுக்குக் கொண்டுபோய் அங்கே ஏற்றினார்களா என்பது வேறு கேள்வி. மூதாட்டிகள் சொன்னதை நான் ஐயுறவில்லை. அவர்கள் சொன்னதை அவர்கள் சொன்னதாகவே எழுதினால் அது வலுவான சான்றாக நிற்கும். நாமாகவே உறுதிப்பட்ட செய்தியாக எழுதினால், நாளைக்கு ஒருவர் தாளைக் காட்டி மறுக்கும்போது சயாம் பற்றிய முழு வரியும் ஐயத்துக்கு உள்ளாகிவிடும். அந்த மக்களுக்கு நாம் செய்யக்கூடாத அநீதி அது.

லயத்துப்பிள்ளை எழுதியது:

அப்படியானால் வரியை இப்படி அமைக்கலாமா? "ஜப்பானியர் ஆட்சியில் இவ்வட்டாரத் தோட்டங்களிலிருந்து சயாம்–பர்மா இரயில் பாதைக்குக் கொண்டுபோகப்பட்ட தமிழர்களில் பலர் திரும்பவில்லை. அவர்களில் சிலர் இந்த நிலையத்திலிருந்து ஏற்றப்பட்டதாகத் தோட்டத்து முதியோர் கூறுகின்றனர்." முதல் வரியாக 1891-உம் ஈயமும் வரட்டும், நான் முன்பு சொன்ன தயக்கம் இப்போது இல்லை. ஆனால் இந்த வரி தனிப் பத்தியாக, மற்ற எழுத்துகளைவிடச் சற்றுப் பெரிதாக இருக்க வேண்டும்.

லுக்குட் டீச்சர் எழுதியது:

அந்த வாசகம் எனக்கு நிறைவாக இருக்கிறது, தம்பி. முதல் வரி வேண்டும் என்று இனி வலியுறுத்த மாட்டேன். தனிப் பத்தி போதும்.

பலகையில் தமிழும் மலாயும் கட்டாயம். போர்ட் வெல்ட்டின் இன்றைய பெயரான கோலா செப்பாத்தாங்கில் இன்றும் நிற்கும் பழைய போர்ட் வெல்ட் பெயர்ப்பலகையில் ஆங்கிலம், ஜாவி, சீனம், தமிழ் நான்கும் இருக்கின்றன. அங்கே தண்டவாளமே இல்லை, பெயர்ப்பலகையைப் பார்க்கத்தான் ஆள்கள் வருகிறார்கள். நம் ஊர்ப் பழைய பெயர்ப்பலகை எங்கே போயிற்று என்பது யாருக்காவது தெரிந்தால் சொல்லுங்கள். பழைய இரும்புக்கு விற்றுவிட்டதாகவும், யாரோ ஒருவர் வீட்டுக் கோழிக்கூண்டுக்குக் கூரையாக வைத்திருப்பதாகவும் இருவேறு பேச்சு உலவுகிறது.

கிராணிமகள் எழுதியது:

இன்னொரு நடைமுறைச் செய்தி. பாதை கைவிடப்பட்டாலும் நிலம் ஊருக்குச் சொந்தமாகிவிடவில்லை. இரயில்வே நிலங்கள் இரயில்வே சொத்துக் கழகத்தின் பொறுப்பில் உள்ளவை. எழுத்துமூல அனுமதி இல்லாமல் பலகையை ஊன்றினால், அடுத்த துப்புரவுப் பணியில் பிடுங்கி எறிந்துவிடுவார்கள். கடிதத்தை நான் மலாயில் எழுதித் தருகிறேன். ஆலயத் தலைவரும் பள்ளியின் முன்னாள் மாணவர் சங்கமும் கையொப்பமிட்டால் நல்லது.

ரந்தாவ்வாசி எழுதியது:

மிக்க நன்றி. கடிதத்தை அக்கா பார்த்துக்கொள்ளட்டும். வாசகத்தின் இரண்டாம் வரைவை, கேங்குக் கூலிகளுக்கான வரியோடும் சயாம் பற்றிய தனிப் பத்தியோடும் நான் எழுதி இங்கே இடுகிறேன்.

அதற்குள் மற்றவர்கள் இரண்டு காரியம் செய்ய வேண்டும். தொண்ணூறைக் கடந்த மூதாட்டிகள் நம் தோட்டங்களில் இன்னும் சிலரே இருக்கிறார்கள். டீச்சர் அவர்களிடம் கைப்பேசியில் குரலைப் பதிவு செய்துகொள்ளுங்கள், நாமாக "இந்த நிலையத்தில்தானே?" என்று எடுத்துக் கொடுக்காமல், "எங்கே வண்டி ஏற்றினார்கள்?" என்று மட்டும் கேளுங்கள். பேசும் மூதாட்டி அப்போது எந்தத் தோட்டத்தில், எந்த வேலையில் இருந்தார் என்பதும் பதிவில் வரட்டும்.

அடுத்தது, வீட்டில் உள்ள பழைய புகைப்படங்கள், பயணச்சீட்டுகள், சரக்குச் சீட்டுகள். முன்பக்கத்தை மட்டும் படமெடுத்து அனுப்பாதீர்கள், பின்பக்கத்தையும் எடுங்கள். படக்கடை முத்திரையும் பென்சிலில் எழுதிய தேதியும் பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். பழைய ஆங்கில நாளிதழ்களும் தமிழ் முரசும் சிங்கப்பூர் தேசிய நூலகத்தின் இணையத்தளத்தில் இலவசமாகக் கிடைக்கின்றன; பாதையின் பெயரைக் கொடுத்து 1891 முதல் தேடும் வேலையைச் சாலையோரம் தம்பி ஏற்றுக்கொண்டால் உதவியாக இருக்கும். பேருந்து எப்போது வந்தது என்பதும் அங்கேயே கிடைக்கக்கூடும்.